கைக்குப் பெரிய கடிகாரம்

விற்க வந்தவர் கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஜெயசீலி அதைத் தொடவே இல்லை. “கட்டிக் காட்டுங்க” என்றார். எதற்கு என்று அந்த மனிதர் விழித்தார். “உங்க வாட்ச்தானே? கையில எப்டி கீதுன்னு வாங்கறவரு பாக்க வேணாமா?” அவர் மணிக்கட்டில் வைத்து, கொக்கியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, வேர்த்துப்போனார். ஸ்டீல் செயினின் பூட்டு எந்தப் பக்கம் திறக்கும் என்பதே அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் பில் எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், நான் அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தில் திரும்பவில்லை.

ஜெயசீலியின் கடை மேற்குத் தாம்பரத்தில் ஒரு லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பதினோரு வருடம் ஒரு கடிகாரத் தொழிற்சாலையில் சக்கரம் பொருத்தியவர், ஆள் குறைப்பில் வெளியே வந்து இதைப் பிடித்தார். வயது நாற்பத்தாறு. சுண்டல் வாங்கினால்கூட இடுக்கியால்தான் எடுத்துச் சாப்பிடுவார். விரலில் எண்ணெய் பட்டால் அன்றைக்கு வேலை கெட்டது என்பார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஐம்பது கடிகாரம் ஐம்பது விதமாக ஓடிக்கொண்டிருக்கும். மணி என்னவென்று கேட்டால் மட்டும் தெருவில் போகும் பேருந்தைப் பார்த்துச் சொல்லுவார்.

எனக்கு அவர் அறிமுகமானதே என் முட்டாள்தனத்தால்தான். ரயில் நிலையத்து மேம்பாலத்தில் ஒருவன், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று கண் கலங்கி, ஒரு ராடோ கடிகாரத்தை என் தலையில் கட்டிவிட்டான். மறுநாளே முள் நின்றுபோயிற்று. ஜெயசீலி பின்மூடியைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்தார். “சார், உள்ள ராடோ இல்ல. பேரு மட்டும்தான் கீது.” எவ்வளவு கொடுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். “சொல்லாதீங்க, எனக்கு வயிறு எரியும்” என்று மூடியை அழுத்திக் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாதத்தில் நாலு நாளாவது அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறேன். துபாய், சிங்கப்பூர் என்று போய் வந்தவர்களின் கடிகாரங்கள் கைமாறும்போது, போலியா, திருட்டா என்று பார்க்க வாங்குகிறவர் ஜெயசீலியைக் கூட்டிப்போகிறார், அல்லது விற்பவரை இங்கே அழைத்துவருகிறார். பேருந்து நிறுத்தத்தில் வைத்துத் தருகிறேன் என்பவனிடம் வாங்கக் கூடாதாம். அவன் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் கேட்க வேண்டுமாம். “டம்ளரு எங்க கீதுன்னு தேடறான்னு வை, அது அவன் வூடு இல்ல சார். சாவி வாங்கிக்கினு வந்துகிறான்.” இந்த யோசனையை யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். ஒருமுறை தானே தாகத்தில் கேட்டபோது தெரிந்துகொண்டதாகச் சொன்னார்.

பழுதுக்கு வரும் எந்தக் கடிகாரமானாலும் அதன் எண்ணை முதலில் ஒரு நீள நோட்டில் எழுதுவார். முன்பு இங்கே பழுது பார்த்த ஊரப்பாக்கத்துக் கேசவனின் கடிகாரம் மின்ரயில் நெரிசலில் பறிபோய், ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி மாற்ற இதே கடைக்கு வந்தபோது, அந்த நோட்டுதான் பிடித்துக்கொடுத்தது. மூடி இறுகியிருக்கிறது, கொஞ்சம் உட்காருங்கள் என்று வந்தவனை முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து காவல் நிலையத்தைக் கூப்பிட்டார். கேசவன் தெரு முழுக்க லட்டு கொடுத்தார். ஜெயசீலிக்கா பார்த்தாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் இரும்புலியூர்வரைக்கும் கடிகாரம் வாங்கினார்கள். “தலைக்கு ஏறிப்போச்சு சார்” என்று அவரே சொல்கிறார். பொன்னுசாமி விஷயத்தைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் இதைத்தான் முதலில் சொல்வார்.

பொன்னுசாமி சென்ற ஜூலையில் ஓர் ஒமேகா கடிகாரத்தோடு வந்தார். வாங்க இருந்தவர் துரைராஜ், வயலை மனை போட்டு விற்ற இரும்புலியூர்க்காரர். வழக்கம்போல ஜெயசீலி கட்டிக் காட்டச் சொன்னார். பொன்னுசாமி கட்டிக்கொண்டார். பூட்டிய செயின் மணிக்கட்டில் நிற்காமல் முழங்கைப் பக்கம் வழுக்கிக்கொண்டு போயிற்று. எண் தெரியுமா? தெரியாது. பில் இருக்கிறதா? “குவைத்ல வாங்கினதும்மா. சண்டை வந்தப்ப கட்டின துணியோட வந்தோம். பில்லுக்கு எங்க போறது?” இப்படிக் கதை சொன்னவர்களை ஜெயசீலி நிறையப் பார்த்திருக்கிறார். “வேணாம் சார்” என்று துரைராஜிடம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். பூத்துக்குப் போய் போன் செய்தார். காவலர் வந்து, நாலு பேர் பார்க்கப் பொன்னுசாமியை அழைத்துப்போனார். அன்று மாலையே அவரை அனுப்பிவிட்டார்கள். ஆதாரம் வரும்வரை கடிகாரத்தை வைத்துக்கொண்டார்கள்.

நான்காம் நாள் ஒரு பெண் வந்து கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு போட்டோவை வைத்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். போட்டோவில் பெட்ரோல் பங்க் முன்னால் கொழுகொழுவென்று ஓர் ஆள் நிற்கிறார், கையில் அதே ஒமேகா, செயின் சதையைக் கவ்விப் பிடித்திருக்கிறது. வந்தவர் பொன்னுசாமியின் மனைவி கன்னியம்மா. சத்தம் போடவில்லை. “என் வூட்டுக்காரரு திருடன் இல்லீங்க. அவரு கைதான் கொறஞ்சுபோச்சு. டி.பி. நேத்துதான் சானடோரியத்துல பெட்டு குடுத்தாங்க. படுக்கறதுக்கு முன்ன வூட்டுச் செலவுக்கு ஏதாவது பண்ணிட்டுப் போலாம்னு அத விக்க வந்தாரு.”

ஜெயசீலி போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. “சார், ஸ்டேஷனுக்கு ஒரு பெட்டிஷன் எழுதுங்க” என்று என் பக்கம் ஒரு காகிதத்தைத் தள்ளினார். பத்திரிகைக்கு எழுதிப் பழகிய கை அல்லவா, ‘ஐயத்தின் பேரில் தெரிவித்த தகவல்’ என்று அலங்காரமாக ஆரம்பித்தேன். படித்துக் காட்டச் சொன்னார். “ஐயம் கிய்யம்லாம் வேணாம். நான் தப்பா சொல்லிட்டேன், அந்தாளு மேல குத்தமில்லன்னு போடுங்க.” அடித்துவிட்டு எழுதினேன்.

துரைராஜ் கேள்விப்பட்டு வந்தார். “ஏம்மா, தப்புன்னு உன் கையெழுத்துல எழுதிக் குடுத்தா, நாளைக்கு உன்ன நம்பி எவன் வருவான்? கம்முனு கெட. தானா அடங்கிடும்.” ஜெயசீலி அவருக்கு டீ சொல்லிவிட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். துரைராஜ் சொன்னது பொய்யில்லை. அந்த மாதம் கடிகாரம் பார்க்க அழைத்துப்போக வந்தவர்கள் இரண்டே பேர்.

காவல் நிலையத்தில் பெட்டிஷனை வாங்கிக்கொண்டார்கள். போட்டோவில் எண் தெரியவில்லையே என்றார்கள், அதுவும் நியாயம்தான். ஐந்து செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஐந்தாவது வாரம் திரும்பும்போது நடுத்தெருவில் நின்றுவிட்டார். “நான் இன்னா கேட்டேன் அந்தாள? நம்பரு, பில்லு. வாட்சுக்கு இன்னா நோவு வந்துச்சுன்னு கேட்டேனா சார்? வச்சிகினு இருந்தவனுக்குத்தானே அது தெரியும்?”

கன்னியம்மாவிடம் கேட்டனுப்பினார். பதில் வந்தது. ஒருமுறை கடலில் குளிக்கும்போது தண்ணீர் புகுந்துவிட்டது, குவைத்தில் ஒரு மலையாளி கழற்றித் துடைத்துக் கொடுத்தார், மூடிக்கு உள்பக்கம் அரபியில் ஏதோ கீறிவைத்தார், ஆறு மணிப் பக்கம் துருக்கறை மட்டும் போகவில்லை. ஆறாவது செவ்வாயன்று இன்ஸ்பெக்டர் மேசையிலேயே துணி விரித்து, அவர் கண் முன்னால் ஜெயசீலி பின்மூடியைத் திறந்தார். கீறலும் இருந்தது, ஆறு மணிப் பக்கம் கறையும் இருந்தது. இன்ஸ்பெக்டர் பூதக்கண்ணாடியை வாங்கித் தானும் பார்த்துவிட்டு, கன்னியம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கடிகாரத்தைக் கொடுத்தார்.

“நானும் வரட்டா?” என்று ஜெயசீலி கேட்டார். கன்னியம்மா வேண்டாமென்று சொல்லவில்லை. நானும் ஒட்டிக்கொண்டேன்.

சானடோரியத்து வார்டில் பார்க்க வந்தவர்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு எட்ட நின்றார்கள். பொன்னுசாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். கடிகாரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். துரைராஜ் இப்போது வாங்கிக்கொள்ளத் தயார் என்று ஜெயசீலி மெல்லச் சொன்னார். “அந்தாளுக்கு விக்கறதா இல்ல” என்றார் பொன்னுசாமி. “நான்தான் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போறேனே, வாட்சு இருக்கட்டும்” என்றார் கன்னியம்மா.

பொன்னுசாமி அப்போதுதான் ஜெயசீலியை நேராகப் பார்த்தார். “அன்னிக்கு வூட்டுக்குப் போனதும் இவ கேட்டா, நெசமாவே வாங்கினதுதானான்னு. பத்து வருசம் எங்கூட இருந்தவ.” கன்னியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா. அது நான் கேக்கவச்ச கேள்வி. என்ன மன்னிச்சிடுங்க.”

பொன்னுசாமி கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். அது வழுக்கிக்கொண்டு முழங்கைக்குப் போயிற்று.

ஜெயசீலி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். முந்தானை வாய்க்குப் போகவில்லை. பொன்னுசாமியின் கையைத் தன் மடியில் வைத்து, மணிக்கட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சுற்றி அளவெடுத்தார். பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து, ஊசிகளைத் தட்டி, செயினிலிருந்து நான்கு கண்ணிகளைக் கழற்றினார். மறுபடி கோத்துப் பூட்டியதும் ஒமேகா அந்த எலும்புக் கையில் அசையாமல் நின்றது. பொன்னுசாமி கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

“சதை போடும்ணா. அப்ப இத எடுத்துகினு வாங்க, மாட்டித் தரேன்.” கழற்றிய நான்கு கண்ணிகளையும் ஊசிகளையும் காகிதத்தில் மடித்தார். கன்னியம்மா கையை நீட்டினார். ஜெயசீலி அவரிடம் கொடுக்காமல், பொன்னுசாமியின் சட்டைப் பைக்குள் பொட்டலத்தை வைத்து, பையின் பொத்தானைப் போட்டுவிட்டார்.