ஏச்சு விழாத கந்தோர்

சவுந்தரநாயகம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். அங்கே ஒரு பிழை நடந்தால் அது மேசைக்கு மேசை இறங்கிக் கடைசியில் பியோனின் தலையில் போய் உட்காரும். ஒழுங்கான நிர்வாகம்.

யுத்தம் நடந்த தொண்ணூறுகளின் நடுவில் அவர் கொழும்பு கொட்டாஞ்சேனையில் தெருநாய்களைப் பராமரிக்கும் சங்கமொன்றில் சேர்ந்தார். அங்கே நிர்வாகம் என்று ஒன்று இருந்ததாகவே அவருக்குத் தெரியவில்லை. தலைவி ஐறீன் தானே நாய்க்கூடு கழுவினார். பிழை நடந்தால், "ஆர் செய்தது?" என்று ஒருவரும் கேட்பதில்லை. "இப்ப என்ன செய்வம்?" என்றுதான் கேட்பார்கள். இது எங்கே உருப்படப் போகிறது என்று வெள்ளவத்தை பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கவலைப்படுவார்.

ஒருநாள் காலை, வயிற்றில் தையல் போட்டிருந்த பெட்டைநாயைக் கூட்டில் காணவில்லை. முதல்நாள் கூட்டுக் கதவின் கொண்டியைப் போடாமல் விட்டவர் அவர்தான். ஐறீன் வாய் திறக்குமுன் பழைய பழக்கம் முந்திக்கொண்டது.

"கூடு டோரின் பிள்ளையின்ர பொறுப்பெல்லோ, மிஸ்?"

கூடுகளைப் பார்க்கும் டோரின் அவரை ஒருதரம் பார்த்தாள்.

"ஓம் மிஸ், நான் ஒருக்கா பாத்திருக்கோணும். தையல் பிரியமுதல் பிடிப்பம்" என்றவள், போட்டிருந்த ஏப்ரனோடேயே தெருவில் இறங்கி ஓடினாள்.

நாய் ஆமிச் சோதனைச்சாவடி மணல்மூட்டையடியில் சுகமாகப் படுத்திருந்தது. அதனிடம் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை. டோரினிடம் கேட்டார்கள். அட்டை அவளுடைய கைப்பையில், பை சங்கத்தில். தகப்பனின் தமிழ்ப் பெயரைச் சொன்னதும் விசாரணைக்கென்று வாங்கில் இருத்திவிட்டார்கள்.

செய்தி வந்ததும் சங்கத்தையே பூட்டிவிட்டு எல்லோரும் சாவடிக்குக் கிளம்பினார்கள். கைப்பையோடு ஐறீன், வான் ஓட்டும் ஹெக்டர், அவர்களுக்குப் பின்னால் சவுந்தரநாயகம். ஹெக்டர் சிங்களத்தில் கெஞ்சினார், பகிடி விட்டார், மறுபடி கெஞ்சினார். பின்னேரம்தான் விட்டார்கள். அவ்வளவு நேரமும் எவரும் கொண்டியைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

திரும்பி நடக்கும் வழியில், நாயைத் தூக்கிவந்த டோரினிடம் சவுந்தரநாயகம் வாய் திறந்தார்.

"பிள்ளை, கொண்டியைப் போடாமல் விட்டது நான்தான்."

"தெரியும் அங்கிள், கண்டனான்."

"அப்ப ஏன் சொல்லேல்ல? என்னை நாலு ஏச்சு ஏசு!"

"ஏசினா தையல் ஆறுமே? இவவைக் கொஞ்சம் பிடியுங்கோ, கை உளையுது."

நாயை அவர் கைகளில் ஏற்றிவிட்டாள். அது அவருடைய முகத்தை நக்கியது. துடைக்கக் கை இல்லை. தலை குனிந்தபடியே நடந்தார்.