படத்தின் பின்பக்கம்

வட ஐரோப்பிய நகரமான ஹொல்ஸ்டெப்ரோவில் முதியோர் இல்லமொன்றில் இருபத்தாறு வருடமாக வேலை செய்யும் விமலாதேவிக்கு ஒரு பழக்கம். கையில் எந்தப் படம் கிடைத்தாலும் திருப்பி, யார், எங்கே, எந்த மாதம் என்று எழுதிவிடுவார். ஊருக்கு அனுப்பிய பிறந்தநாள் படங்களில் தொடங்கியது அது.

போர் முடிந்த மறுவருடம் வன்னிக்குப் போய், பழைய பிலிம் கமராவால் எடுத்த இருபத்துநான்கு படங்களிலும் அப்படித்தான் எழுதினார். படங்களில் ஆட்கள் இல்லை. தலை போன பனைகள், கூரையற்ற சுவர்கள், கவிழ்ந்து கிடந்த சைக்கிள்கள். ஒன்றில், வரிசையாகச் சில மண்மேடுகள். அவற்றுக்குள் யார் கிடக்கிறார்கள் என்று, கூட்டிப்போன தம்பி மெதுவாகச் சொன்னதை அவர் எழுதவில்லை. இடத்தைக் காட்டிய அவன் பெயரை மட்டும் எழுதினார். இந்த வருடம் நகர நூலகம் கண்காட்சிக்குக் கேட்டபோது, உறையோடு கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை மகள் துஷாரா கைப்பேசியை நீட்டினாள். நூலகத்தின் இணையப் பக்கத்தில் மண்மேட்டுப் படம். பக்கத்திலேயே அதன் பின்பக்கமும். கையெழுத்து அழகென்று போட்டிருந்தார்கள்: 'தம்பி சிவபாலன் காட்டின இடம். 2010 ஆவணி.'

சிவபாலன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். போன வருடமும் அவன் வீட்டுக்கு விசாரிக்கப் புலனாய்வு ஆட்கள் வந்துபோனார்கள். விமலாதேவி அழைத்தார்; அவன் எடுக்கவில்லை. அனுப்பிய செய்தி போய்ச் சேரவுமில்லை.

துஷாரா காரில் கூட்டிப்போனாள். நூலகப் பெண் மன்னிப்புக் கேட்டு அந்தப் பக்கத்தை உடனே எடுத்துவிட்டாள். ஆனால் அது இரண்டு நாள் இருந்திருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. படத்தையே திருப்பித் தரவா என்று கேட்டாள். தம்பியைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார் விமலாதேவி.

வெள்ளிக்கிழமை காலையில்தான் சிவபாலன் எடுத்தான். போன் பழுதாகிக் கிடந்ததாம். அக்கா நடந்ததைச் சொன்னார்.

"என்ர பேரை எடுத்துவிடக்கா," என்றான். "படம் நிக்கட்டும். அந்த இடத்தை டோசர் போட்டு மட்டமாக்கிப்போட்டாங்கள். இனி ஆர் போய்ப் பார்த்தாலும் வெறும் வெளிதான்."

சனிக்கிழமை கண்காட்சியில் படத்தை அட்டையில் ஒட்டி மாட்டியிருந்தார்கள். பின்பக்கம் இனி யாருக்கும் தெரியாது. ஆனாலும் விமலாதேவி அதைவிட்டு நகரவில்லை. யாராவது கைப்பேசியைத் தூக்கினால், அந்த இணையப் பக்கத்தைத்தான் தேடுகிறார்களோ என்று அவர் கண் அவர்களுடைய விரலுக்குப் போனது.

பக்கத்து நகரமான ஹேர்னிங்கிலிருந்து வந்திருந்த இரத்தினசிங்கம், தமிழர் சங்கத்தின் பழைய தலைவர், மண்மேடுகளின் முன்னால் நெடுநேரம் நின்றார். அப்போது அந்தப் பக்கம் போகவே விடமாட்டார்களே என்றார்.

"உம்மை ஆர் கூட்டிக்கொண்டு போனது, விமலா?"

"ஒருத்தருமில்லை அண்ணை. நான் தனியத்தான் போனனான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஹேர்னிங்குக்கு ரயிலேறவே மகளைத் துணைக்குக் கூப்பிடுற ஆள்."

"ஓம். தனியத்தான்," என்றார் விமலாதேவி, சிரிக்காமல்.

இரத்தினசிங்கம் படத்தைப் பார்த்தார், பிறகு விமலாதேவியைப் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. அந்த இரண்டு நாளில் அவர் இணையப் பக்கத்தைத் திறந்திருந்தாரா என்று கேட்க விமலாதேவிக்கும் துணிவு வரவில்லை.