ஓடிக்கொண்டிருந்த ரெக்கோர்டர்

போர்க்காலத்தில் தப்பு மேளம் பதிவுசெய்ய நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன அந்த இசையமைப்பாளர் அம்மையார் அமெரிக்காவில் பிறந்தவர், பெற்றோர் ஹெயிட்டிக்காரர்கள். நரைத்த குட்டை முடி, ஆண்கள் போடும் சப்பாத்து. வாசிப்பு முடிந்த பிறகும் ரெக்கோர்டரை நிறுத்தமாட்டார். அதற்குப் பின் வரும் மௌனமும் வேண்டுமாம்.

"எங்கள் ஹெயிட்டி மேளத்தைப் பற்றிப் பேசவே அப்பா வெட்கப்பட்டார். நான் அதை வயலினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தேன்" என்றார் வழியில். நான் தலையாட்டினேன். கண்டிக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளனாக உத்தியோகம் எனக்கு. தமிழரைத் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு, தோட்டத்தில் பிறந்தவன் என்று நகரத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் ஒரு கிழவர் தப்பு அடித்து முடித்தார். பிறகு என்னை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, நீங்க நம்ம தப்புக்காரர் மகன்தானே? ஒங்கப்பாதான் எனக்கு இந்த அடிய சொல்லிக் குடுத்தாரு."

"இல்லீங்க, நான் வேற ஆளு" என்றேன்.

"என்ன சொல்கிறார்?" என்று அம்மையார் கேட்டார்.

"நன்றி சொல்கிறார்."

அவர் கிழவரைக் கும்பிட்டார். ரெக்கோர்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்த ஒலி இப்போது எந்த நாட்டு மண்டபத்தில் கேட்கிறதோ தெரியாது. தமிழ் தெரிந்த ஒருவரும் அங்கே உட்கார்ந்திருக்கக்கூடாது என்றுதான் இன்றும் வேண்டிக்கொள்கிறேன்.