ரெண்டாவது சாவி எங்கே?

சிவராமகிருஷ்ணன் சினிமாவுக்குப் போகிறதே குற்றம் கண்டுபிடிக்கத்தான் என்று கல்கத்தா பவானிபூரில் அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். அது பாதிதான் நிஜம். எதையும் பிரித்துப் போட்டுப் பார்க்காவிட்டால் மனுஷனுக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். பேங்கில் முப்பத்தாறு வருஷ சர்வீஸ், ஒரு மெமோ கிடையாது. அடுத்த மார்ச்சில் அந்தச் சுத்தமான பேரோடு ரிட்டயர் ஆகிவிட வேண்டும், வேறு ஆசை கிடையாது.

2003 துர்கா பூஜைக்கு முன்னால் ஓர் ஆங்கிலப் படம் வந்தது. மேடை மேஜிக்காரர்கள் நாலு பேர், வித்தை காட்டிக்கொண்டே ஒரு பேங்கைக் கொள்ளையடிக்கிறார்கள். அதை மூன்று தடவை பார்த்தார். முதல் தடவை ஏமாந்தார். இரண்டாம் தடவை, எங்கே ஏமாந்தோம் என்று பார்க்கப் போனார். மூன்றாம் தடவை திரையையே பார்க்கவில்லை; பக்கத்து சீட்டுக்காரர்கள் எந்த இடத்தில் ஏமாறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்! சீட்டுக்கட்டு பிடித்த கையையே ஜனங்களைப் பார்க்கவிட்டு, மறு கையால் காரியத்தை முடிக்கிறார்களே, அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் ஜலஜாவிடம் ஆரம்பித்தார். அவள் அந்தக் கிளையின் தலைமைக் கேஷியர். பணம் வைக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று ஆபீசரான இவரிடம், ஒன்று அவளிடம். இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

“வித்தையெல்லாம் பிரமாதம். வேகமாப் போறது. ஆனா அந்த நாலு பேருக்கும் வேர்க்கவே மாட்டேங்கறது. மாட்டிப்பானோன்னு நமக்குத் துடிக்க வேண்டாமா?”

“அப்புறம்?”

“அதைக்கூட விட்டுடலாம். பேங்க் ஆபீசர் ஒருத்தனை மயக்கிச் சாவியை வாங்கிடறான். உடனே கதவு திறந்துடறது. ரெண்டாவது சாவி எங்கே? படமே அங்கே படுத்துடுத்து!”

“ரெண்டும் அவர்கிட்டயே இருந்திருக்கலாமே, சார்?”

“எந்த அசடு ரெண்டு சாவியையும் ஒருத்தன் கையில குடுப்பான்?”

ஜலஜா டிபன் டப்பாவை மூடினாள். “நான்தான் சார். இன்னிக்குக் காலையிலதானே உங்ககிட்டேருந்து திரும்பி வாங்கினேன்.”

அவர் பிசைந்த சாதத்தை அப்படியே வைத்தார். ஜலஜாவின் புருஷனுக்கு கரக்பூரில் ரயில்வே வேலை, குழந்தையும் அங்கே. சனிக்கிழமை கணக்கு முடிகிறவரை இருந்தால் ஹவுராவில் வண்டி போய்விடும். நம்ம பொண்ணு, கொஞ்சம் முன்னாடி போகட்டுமே என்று இவர் அவள் சாவியை வாங்கி வைத்துக்கொள்வார். ஐந்து வருஷமாக இதுதான் பழக்கம். யாராவது மேலே எழுதிப் போட்டால் மெமோவோடு போகாது!

“எனக்குத் தோணவே இல்லையே, ஜலஜா.”

“எனக்குத் தோணும் சார். ஒவ்வொரு சனிக்கிழமையும் வண்டி ஏறினதும் தோணும். ஏதாவது ஒண்ணு ஆயிடுத்துன்னா ரெண்டு பேர் வேலையும் போச்சேன்னு வழியெல்லாம் கவலைதான். உங்ககிட்ட சொன்னா, என்னைத் திருடன்னு நினைக்கறியான்னு கேப்பேளோன்னு பயம்.”

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரார் கதையில் ஓட்டை தேடின மனுஷன், இவள் முகத்தை ஒரு சனிக்கிழமையாவது பார்த்திருக்கக் கூடாதா?

எழுந்து கை கழுவிவிட்டு மேனேஜர் அறைக்குப் போனார். “தப்பு என்னுது. நான்தான் கேட்டு வாங்கிண்டேன்” என்று சனிக்கிழமைச் சாவி விஷயத்தைத் தானே சொன்னார். இனிமேல் சனிக்கிழமைகளில் வேறொரு ஆபீசர் கையெழுத்துப் போட்டு அவள் சாவியை வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை சிவராமகிருஷ்ணன் கைக்கு முதல் மெமோ வந்தது. இரண்டு முறை படித்தார். ஜலஜாவின் பேர் அதில் எங்கேயும் இல்லை.