துணியையே கேட்ட அண்ணி

பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம் எங்கள் அண்ணி. நல்ல வேலையை உதறிவிட்டு, வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதப்போகிறேன் என்று கிளம்பியவருக்குக் கிடைத்த ஒரே வாடிக்கையாளர் தெருக்கோடிச் சலவைக்கடைக்காரர். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு, எந்த சோப்பு என்று மெஷின்களுக்குச் சொல்வதுதான் அண்ணியின் புரோகிராம்.

பருத்தியா, இப்படிச் செய். பட்டா, அப்படிச் செய் என்று எல்லா விதிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்தார். திரைச்சீலைக்காக ஒரு வரியை மாற்றினார். கம்பளிக்கோட்டு வெந்நீரில் குளித்தது. ஆறடி வக்கீலின் கோட்டு அவர் பையனுக்குக்கூடப் போதாமல் சுருங்கிவிட்டது!

"இன்னொரு துணி பாழாச்சுன்னா, உங்க புரோகிராமுக்கு ஒரு பெரிய கும்பிடும்மா," என்றார் கடைக்காரர்.

அண்ணி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சுருங்கிய கோட்டோடு வீடு வந்தார். அண்ணன் செய்தித்தாளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டார், விவரமானவர். கோட்டை மேஜைமேல் போட்டு முறைத்துக்கொண்டிருந்த அண்ணி, சட்டென்று அதன் காலரைப் புரட்டினார். உள்ளே தைத்திருந்த துண்டில் 'குளிர்ந்த நீரில் மட்டும்' என்றிருந்தது.

"அட மக்கு! தன்னை எப்படித் துவைக்கணும்னு இதுவே சொல்லுதே! நான் ஏன் எல்லாத்தையும் மெஷின் தலையில கட்டுறேன்?"

மக்கு யார் என்று அண்ணன் விசாரிக்கவில்லை.

அன்றே மூட்டையைப் பிரித்தார். புரோகிராமுக்குள் ஒவ்வொரு வகைத் துணியும் தனிப் பொருளாயிற்று. தன் சூடும் சோப்பும் தன்னிடமே. 'உன்னை எப்படித் துவைக்க?' என்று மெஷின் கேட்கும், துணி பதில் சொல்லும், அவ்வளவுதான். ஒன்றின் விஷயத்தில் இன்னொன்று மூக்கை நுழைக்க முடியாது. எனக்கே புரிந்தது என்றால் பாருங்கள்!

கடைக்காரர் சும்மா விடுவாரா? ஒரு பொம்மைக் கரடியை நீட்டினார். "இதப் புதுசா சேருங்க. பக்கத்து மெஷின்ல என் சம்சாரத்தோட கம்பளிச் சால்வை போகுது. அது சுருங்குச்சுன்னா நான் வீட்டுக்கே போக முடியாது."

அண்ணி புரோகிராமில் கரடியை மட்டும் சேர்த்தார். மெஷின்கள் சுற்றின. நான் சால்வை போன மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரடி பளிச்சென்று வந்தது. கடைக்காரர் சால்வையை உதறி விரித்தார். ஒரு நூல்கூடக் குறையவில்லை!

"மத்த எதையும் தொடலையா?"

"தொடவே இல்லண்ணே!"

"அப்போ நம்ம இன்னொரு கடைக்கும் இதையே போட்டுடுங்கம்மா."

அண்ணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புதுத் துணி என்றாலே நடுங்கிக்கொண்டிருந்தவர், கடை வாசலில் நின்று, போகிற வருகிறவர்கள் உடுத்தியிருப்பதையெல்லாம் ஆசை ஆசையாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.