காய்ச்சல் விட்ட காலையில் யானுக்கு ஒரு பயணம்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், கோலா கெத்திலிலிருந்து யான் என்ற ஊருக்கு எப்படிப் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தப் பாதையில் நான் முதலில் போனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு நவம்பர் சனிக்கிழமை. ஊர் சுற்றிப் பார்க்க அல்ல.

அப்போது நான் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் அக்கா பிலோமினா யானில் இருந்தாள். அத்தானுக்கு அங்கே அரிசி ஆலையில் வேலை. வெள்ளிக்கிழமை தோட்ட ஆபீசுக்குப் போன் செய்து, கணக்கு எழுதும் கிராணியிடம் சொல்லியிருந்தாள்: மகள் ஜெசிக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். தங்கச்சி ரெஜினாவை உடனே வரச் சொல்லுங்கள். வரும்போது லீலாவையும் கூட்டிக்கொண்டு வரட்டும்.

லீலா என்னோடு பயிற்சி முடித்தவள். அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. நர்ஸை மிஸ்ஸி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ்ஸி லீலா இல்லையா?" என்று கேட்பார்கள். அது பழகிவிட்டது. ஆனால் கூடப் பிறந்தவளே கேட்டபோது வயிறு எரிந்தது.

காலை 6.40க்குப் பஸ். சுங்கைப் பட்டாணிக்குச் சுமார் பன்னிரண்டு மைல், தொண்ணூறு காசு. 7.45க்கு அலோர் ஸ்டார் பஸ் பிடித்து, பீடோங், குருண் வழியாகக் குவார் செம்படாக்கில் இறங்கினோம். ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், அறுபது காசு. வழியெல்லாம் மழைத் தூறல். ஜெராய் மலை பாதிக்கு மேல் தெரியவில்லை. லீலா என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

அங்கிருந்து யானுக்கு ஆறு மைல். டாக்சியில் தலைக்கு ஒரு வெள்ளி. டிரைவர் முனியாண்டி அண்ணன், நாங்கள் நர்ஸ்கள் என்று தெரிந்ததும் பேச ஆரம்பித்தார். "எங்கம்மா போன மாசம் தாய்லாந்து எல்லைப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டு வந்தாங்க. மூணு நாள் காய்ச்சல். அது போச்சு, ஆனா விரலெல்லாம் வீங்கி இன்னும் கத்தி பிடிக்க முடியலலா. ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போக முடியாம சும்மா உக்காந்திருக்காங்க."

"ரெண்டு கையுமா அண்ணே? காலையில எழுந்தா முறுக்கிக்குதா?" என்று லீலா கேட்டாள். ஆமாம் என்றார். "அப்ப அது வேற கொசுக் காய்ச்சலா இருக்கலாம், பேரு வாயில நுழையாது, சிக்குன்குனியா. டெங்கியில உடம்பு முழுக்க வலிக்கும், ஆனா மூட்டு இப்படி வீங்கி மாசக்கணக்கா நிக்காது. எதுக்கும் ரத்தம் கொடுத்துப் பாருங்க."

இதையெல்லாம் அவளோடு அதே வகுப்பில் உட்கார்ந்து நானும்தான் படித்தேன். சொல்ல எனக்கு முந்திக்கொண்டு வரவில்லை, அவ்வளவுதான்.

9.20க்கு அக்கா வீடு. பின்பக்கம் வரப்பைத் தாண்டினால் நெல் வயல். அக்கா சிரித்த முகமாகக் கதவைத் திறந்தாள். "காலையிலதான் காய்ச்சல் விட்டுச்சு! உங்கள வீணா அலைய விட்டுட்டேன்."

ஜெசிக்குப் பதினொரு வயது. சுருண்டு படுத்திருந்தாள். முட்டி வலிக்கிறது என்றாள். இந்த முறை நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தது எனக்கு. "காய்ச்சல் விட்டாச்சு, பயமில்ல. இது மூட்டு வலிக்கிற காய்ச்சல். மாத்திரை தரேன்" என்று பையிலிருந்து ஆஸ்பிரினை எடுத்தேன்.

லீலா கட்டிலில் உட்கார்ந்து ஜெசியின் கழுத்தை மெல்ல மடக்கிப் பார்த்தாள், விறைப்பில்லாமல் மடங்கியது. வயல் பக்கத்துப் பிள்ளை, வயல் கொசு கடித்து வரும் மூளைக் காய்ச்சலோ என்று பார்க்கிறாள் என எனக்குப் புரிந்தது. விரல்களை மடக்கச் சொன்னாள்; வீக்கமில்லை. "கண்ணுக்குப் பின்னால வலிச்சுச்சாமா?" ஆமாம். "இப்ப எங்க வலிக்குது?" பிள்ளை வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். லீலா பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து அதே பாதத்தின் மேல் வைத்தாள். சில்லிட்டிருந்தது.

பிறகு என் பையிலிருந்த பிரஷர் கருவியைக் கேட்டு வாங்கி, பிள்ளையின் கையில் ஐந்து நிமிடம் இறுக்கிக் கட்டினாள். அவிழ்த்தபோது முழங்கைக்குக் கீழே குங்குமம் தெளித்ததுபோல் சிவப்புப் புள்ளிகள்; தோலுக்கடியில் ரத்தம் கசிகிறது, டெங்கிதான். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் ஆபத்தான நாள். ரத்தம் கசியும்போது ஆஸ்பிரின் கொடுப்பது விஷம் கொடுப்பதற்குச் சமம். மாத்திரை இன்னும் என் கையில்தான் இருந்தது.

"அக்காகிட்ட நீயே சொல்லு ரெஜினா" என்றாள் லீலா, மெதுவாக.

சொன்னேன். டெங்கி, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அக்கா என்னைத் தாண்டிப் பார்த்துக் கேட்டாள். "லீலா, அப்படியாமா?"

இன்றைக்கும் அந்தக் கேள்வி காதில் குத்துகிறது.

முனியாண்டி அண்ணன் பசார் கடைத்தெருவில்தான் நின்றிருந்தார். அலோர் ஸ்டார் சுமார் இருபது மைல். ஐம்பது நிமிடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சாயங்காலம் ஜெசிக்கு ஈறில் ரத்தம் வந்தது. அதற்குள் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் பஸ்ஸில் லீலாவிடம் சொல்லிவிட்டேன். "நீ ஒரு தடவையாவது தப்பா சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். பிள்ளையப் பாக்கல, உன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"தெரியும்லா" என்றாள். "கடைசிப் பரீட்சையன்னிக்கு உனக்கு வயித்தால போகணும்னு நான் கோயில்ல வேண்டிக்கிட்டேன். சாமி கேக்கல."

சிரித்தோம். ஆனாலும் அடுத்த வாரம் அக்கா ஒரு சேலை அனுப்பினாள், லீலாவுக்கு மட்டும். நீல நிறம். எனக்குத்தான் எடுப்பாக இருந்திருக்கும்.

இப்போது காரில் போனால் யானுக்கு ஒரு மணி நேரம் சொச்சம்தான். அங்கே ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கும் அருவிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். டெங்கிக் கொசு பகலில் கடிக்கும், வயல் கொசு அந்தி சாய்ந்தபின் வரும். அதனால் இரண்டு வேளையும் முழுக்கைச் சட்டை நல்லது. ஊர் திரும்பியபின் காய்ச்சல் வந்தால் வலிக்கு ஆஸ்பிரின் போடாதீர்கள். மூட்டு வீங்குகிறதா, கழுத்து விறைக்கிறதா, ஈறில் ரத்தம் வருகிறதா என்று பாருங்கள், ஆனால் அதை வைத்து நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் போங்கள். காய்ச்சல் விட்ட நாளில் வயிறு வலித்துக் கைகால் சில்லிட்டால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். அதை யார் முதலில் சொன்னது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.