கணக்குச் சொல்லாத வேண்டுதல்

சனிக்கிழமை காலை ரயிலில் சித்தி வருகிறாள் என்றால் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டில் அன்றைக்கு அவரைக்காய் வாசம்தான். கோலார் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பை நிறைய அவரைக்காய், அது இல்லாத மாதங்களில் தக்காளி என்று எதையாவது தூக்கிக்கொண்டு, சிட்டி ஸ்டேஷனில் இறங்கி, ஒக்கலிபுரம் வழியாக நடந்தே வந்துவிடுவாள். வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும் அம்மா, தங்கையைப் பார்த்ததும் "வந்துட்டா பாரு, மைசூர் மகாராணி" என்பாள். பையை இறக்குவதற்குள் சித்தி சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு இளகிப்போகிறது.

ஆனால் அவள் வந்தது எங்களைப் பார்க்க அல்ல, மாத்திரை வாங்க.

சித்தப்பா போர்வெல் லாரியில் வேலை பார்த்தவர். வருஷத்தில் பாதி நாள் ஆந்திராவிலும் மகாராஷ்டிராவிலும் இருப்பார். கடைசியில் இளைத்துத் துரும்பாக வீட்டுக்கு வந்து படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை. ஊருக்கு டிபி என்று சொன்னார்கள். அவர் போன பிறகு சித்தியும் இளைக்க ஆரம்பித்தாள். அம்மா போய் அவளை இழுத்துக்கொண்டு வந்து பெங்களூரில் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தபோதுதான் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அரசாங்கம் அதற்கு இலவசமாக மாத்திரை கொடுக்கத் தொடங்கியிருந்த புதிது. பெரிய ஆஸ்பத்திரிகள் சிலவற்றில்தான் கிடைக்கும். மாதாமாதம் நேரில் வரவேண்டும், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று அங்கே கவுன்சலிங் செய்த பெண்மணி சொன்னார்.

பக்கத்திலேயே தாலுகா ஆஸ்பத்திரி இருந்ததே, ஆரம்பத்திலேயே அங்கே காட்டியிருக்கலாமே என்று சிலர் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். அவர்களைப் பிடித்து ஒரு நாள் அங்கே உட்கார வைக்க வேண்டும். ரத்தம் எடுக்கும் அறைக்கு மேல் சிவப்பு எழுத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை என்று போர்டு. எதிரிலேயே டீக்கடை பெஞ்சு. சீட்டு எழுதுபவர் சித்தியின் மாமியாருக்குத் தூரத்து உறவு. அந்த அறைக்குள் ஒருத்தி நுழைந்தால், அவள் வெளியே வருவதற்குள் சேதி ஊருக்குள் போய்விடும். அதே நோய் வந்த ஒருவனைத் தன் தெருவிலேயே மாட்டுக்கொட்டகையில் படுக்கப்போட்டு, தட்டைத் தள்ளிவிட்டதைச் சித்தி கண்ணால் பார்த்திருந்தாள். எங்களோடேயே இருந்துவிடு என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். "அவரு பங்கு நெலத்த விட்டுட்டு உன் ஒத்த ரூம்புல எங்கக்கா படுக்கறது?" என்று சிரித்தாள் சித்தி. நிலத்தை விட்டால் அவளுக்குச் சோறு கிடையாது; மாமியாருக்கு விஷயம் தெரிந்தால் நிலம் கிடையாது.

ஆகவே மாதாமாதம் பெங்களூர் போவதற்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. அதைக் கண்டுபிடித்தவள் அம்மா. சித்தியைக் கொண்டுபோய் விட்டபோது மாமியார் குடைந்து குடைந்து கேட்க, அம்மா கண்ணை இமைக்காமல் அடித்துவிட்டாள்: "சிவாஜிநகர் மாதாவுக்கு வேண்டிக்கினு இருக்கேன் அத்த. இவ ஒடம்பு தேறணும்னு. மாசத்துல ஒரு சனிக்கெழம வந்து மெழுகுவத்தி ஏத்தணும். ஒம்போது சனிக்கெழம." நாங்கள் இந்துக்கள்தான். ஆனால் சிவாஜிநகர் மாதாவிடம் ஒரு தடவையாவது வேண்டிக்கொள்ளாத வீடு எங்கள் சந்தில் கிடையாது. மாமியாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டாராம்.

சொன்னதுதான் சொன்னாள், ஒன்பது என்று ஏன் கணக்குச் சொல்ல வேண்டும்? "கணக்கு சொன்னாதாண்டி நம்புவாங்க" என்றாள் அம்மா.

அந்த ஒன்பது சனிக்கிழமைகள் எங்கள் வீட்டுக்கு வந்த திருநாள்கள். காலையில் ஆஸ்பத்திரி வரிசை. மாத்திரை கைக்கு வந்ததும், பொய் முழுப்பொய்யாக இருக்க வேண்டாமே என்று சிவாஜிநகர் பஸ் பிடித்து மாதாவுக்கு மெழுகுவத்தி. பிறகு மூன்று பேரும் சமோசா தின்று டீ குடிப்போம். நான் அப்போது கார்மென்ட்ஸில் தையல் மிஷினில் இருந்தேன். இதற்காகவே வயிற்றுவலி, காய்ச்சல் என்று லீவு போடுவேன். வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவின் லேபிளை நகத்தால் சுரண்டி எடுப்பது என் வேலை. ஊரில் சித்தி அதை ராகிப் பானைக்குள் புதைத்து வைப்பாள். இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் ஜாக்கெட்டின் பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் பெரிசாக்கித் தைத்துக் கொடுத்தேன். மாத்திரை வேலை செய்வது டாக்டருக்கு முன்னால் எனக்குத்தான் தெரியும். கன்னம் உப்பி, கை உருண்டு, சித்தி பழைய சித்தியாக வந்துகொண்டிருந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அதுவே வினையாகிவிட்டது. ஒன்பதாவது சனிக்கிழமை முடிந்ததும் மாமியார் சொல்லிவிட்டார்: "மாதா கண்ணத் தொறந்துட்டா. ஒடம்பு தேறிடுச்சி, கணக்கும் முடிஞ்சிடுச்சி. இனிமே எதுக்கு டவுன்ல சுத்தறது?" சித்தி கெஞ்சிக் கூத்தாடி, நன்றி சொல்ல ஒரே ஒரு தடவை என்று அனுமதி வாங்கினாள். துணைக்கு மூத்த மருமகளை, சித்தியின் ஓரகத்தியையும் அனுப்பி வைத்தார் மாமியார்.

பெரியம்மா என்று நான் கூப்பிடும் அந்த ஓரகத்தி, சித்தியின் பின்னால் வாசலில் வந்து நின்றபோது அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது. பெரியம்மா அதிகம் பேசாதவர். எதைப் பார்த்தாலும் உற்றுப் பார்ப்பார். மாமியார் அனுப்பிய உளவாளி என்றே நாங்கள் முடிவு கட்டினோம். அடுப்பு மூலையில் அவசர மாநாடு நடந்தது. சித்தி தலைவலி என்று படுத்துக்கொள்வது, நான் பெரியம்மாவைச் சிவாஜிநகருக்குத் தள்ளிக்கொண்டு போவது, அந்த இடைவெளியில் அம்மாவும் சித்தியும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. அந்த மாத்திரை கிடைத்தாலும் அடுத்த மாதம் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தி அன்றைக்குச் சிரிக்கவில்லை.

நான் பெரியம்மாவைத் துணிக்கடை துணிக்கடையாக இழுத்தேன். அவர் ஒரு புடவையைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. "கோயிலுக்கு வழி எங்கடி?" என்றார். வேறு வழியில்லாமல் கூட்டிப்போனேன். மெழுகுவத்தியை ஏற்றி வைத்து, முந்தானையை ஏந்திக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி வேண்டினார்: "தாயே, என் ஓரகத்திக்கு மாத்திர மட்டும் நிக்காம கெடைக்கணும்."

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்ததும் கேட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும் பெரியம்மா?"

"ராகி அரைக்கறது யாரு? நாந்தானே" என்றார். "கெழவி பானைல கை வெக்கறதுக்கு முன்னால டப்பாவ எடுத்து ஒளிச்சி, மறுபடியும் அங்கயே வெச்சி, ஒம்போது மாசமா எனக்கு இதே பொழப்பு. கொழுந்தனாரு துணியத் தொவச்சவடி நான். என்னா நோவுன்னு தெரியாதா?"

"சித்திகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா என் மூஞ்சியப் பாக்கக் கூச்சப்படுவா. அவளாச் சொல்லுவான்னு இருந்தேன். இப்ப நானும் ஒண்ணு வேண்டிக்கினேன்" என்றார். "எனக்கு முட்டிவலி. அது போகணும்னு மாசாமாசம் வந்து மெழுகுவத்தி ஏத்தறேன்னு. தனியா வர எனக்குப் பயம். தொணைக்கு அவதான் வரணும்."

"முட்டி வலிக்குதா பெரியம்மா?"

"கல்லு மாதிரி இருக்குது."

"எத்தன மாசம்னு வேண்டிக்கிட்டீங்க?"

"கணக்கு சொல்லித்தானே உங்கம்மா கெடுத்தா" என்றார். அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நடு சிவாஜிநகரில், பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் அழுதுகொண்டே நடந்தேன்.

அதன் பிறகு மாதாமாதம் இரண்டு பேராக வந்தார்கள், இரண்டு பை அவரைக்காயோடு. வீட்டு வாசலிலிருந்து ஊர் எல்லை தாண்டும்வரை பெரியம்மா நொண்டி நொண்டி நடப்பாராம். ரயில் ஏறியதும் சரியாகிவிடுமாம். சித்தி அதை நடித்துக் காட்டி எங்களை விழுந்து விழுந்து சிரிக்க வைப்பாள். மாமியார் காலம் முடியும்வரை அந்த முட்டி குணமாகவில்லை. பின்னாளில் தாலுகா ஆஸ்பத்திரியிலேயே மாத்திரை வந்தது. சித்தி அங்கே மாற்றிக்கொள்ளவில்லை. போர்டும் டீக்கடை பெஞ்சும் அங்கேயே இருக்கின்றன.

இப்போது சித்திக்குத் தலை நரைத்துவிட்டது. பெரியம்மாவுக்கு உண்மையாகவே முட்டிவலி வந்து, கோல் ஊன்றித்தான் நடக்கிறார். இனிமேல் நீ அலைய வேண்டாம் அக்கா என்று சித்தி சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்பதாக இல்லை. போன சனிக்கிழமையும் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒக்கலிபுரம் வழியாக நடந்தே வந்து சேர்ந்தார்.